வெள்ளையாக விட்ட இடம்

ஊரை ஒரு புத்தகம் போலப் படிக்கலாம் என்பதுதான் வசுமதியின் ஆராய்ச்சி. தெரு, பலகை, ஒற்றையடிப் பாதை எல்லாமே எழுத்து. நடக்கிறவர்கள் எல்லோரும் வாசகர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதற்காக அவள் சிறுசேரிக்குத் தெற்கே ஏரிக்கரைக் காலனியில் இரண்டு வருஷம் வெயிலில் காய்ந்தாள். அந்த உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது.

காலனிக்காரர்களின் கல்லறைத் தோட்டம் கரையோரம் இருந்தது. சிலுவை இல்லை, கல் இல்லை. அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுத காலத்தில் கல் நட்டால் நிலத்துக்காரர் பிடுங்கி எறிவார். அதனால் அங்கே நின்ற ஒற்றைப் பனையிலிருந்து அடி வைத்து அளந்து புதைத்தார்கள். எண்ணிக்கையை மனப்பாடம் செய்துகொண்டார்கள். காலம் மாறியும் வழக்கம் மாறவில்லை. காலனிக்காரி சாராள் ஒருநாள் வசுமதியைக் கூட்டிப்போய், பனையில் முதுகை ஒட்டி நின்று, ஏரி மதகைப் பார்த்துப் பதினேழு அடி, வலது பக்கம் நாலு அடி வைத்துக் காட்டினாள்.

"இங்கதாம்மா எங்கூட்டுக்காரரு ஏசுபாதம் படுத்துகினு கீறாரு."

வசுமதிக்குப் புல்லரித்தது. ஆய்வேட்டின் வரைபடத்தில் குழாயடி, டீக்கடை வரை குறித்தவள், அந்த இடத்தை மட்டும் வேண்டுமென்றே வெள்ளையாக விட்டாள். பிரதியின், அதாவது எழுத்தின், மௌனம்தான் அதிகம் பேசும் என்று பன்னிரண்டு பக்கம் விளக்கம் வேறு. பட்டம் கிடைத்தது, கைதட்டலும் கிடைத்தது.

இந்த வருஷம் ஐ.டி. ஆபீசுகளுக்குப் புதுச் சாலை போட வந்தார்கள். சேதி கேட்டு வசுமதி சாராளோடு செங்கல்பட்டுக்கு ஓடினால், திட்ட அதிகாரி சதாசிவத்தின் மேஜையில் அவளுடைய வரைபடமே கிடந்தது.

"அந்தக் காலனிக்கு இதைவிட விவரமான மேப் இல்ல மேடம். கரையோரம் காலி இடம்னுதானே இருக்கு?"

"காலி இல்ல சார், இடுகாடு. மௌனத்தைக் காட்டத்தான் அப்படி விட்டேன்."

"எழுதினவங்க என்ன நினைச்சாங்கன்னு தேடக் கூடாது, பிரதியைத்தான் பார்க்கணும்னு மூணாவது அத்தியாயத்துல நீங்களே சொல்லியிருக்கீங்களே?"

அவர் கிண்டல் செய்யவில்லை. பாவம், நிஜமாகவே படித்திருந்தார். வசுமதியின் முகத்தைப் பார்த்து அவரே இறங்கி வந்தார். "நாலு நாள் தர்றேன். எந்தக் குழி யாருதுன்னு காட்டினா, எடுத்து வேற இடத்துல அடக்கம் பண்ணிக்கலாம்."

அன்று மத்தியானமே இருவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். ஒப்பந்தக்காரரின் இயந்திரம் முந்திக்கொண்டிருந்தது. கரையோரம் முழுக்க நிரவிய செம்மண். பனை இல்லை, பனை நின்ற பள்ளம்கூட இல்லை.

சாராள் செருப்பைக் கழற்றினாள். ஓரிடத்தில் நின்று மதகைப் பார்த்துப் பதினேழு எண்ணினாள். திரும்பி வந்து வேறொரு இடத்திலிருந்து எண்ணினாள். நாலாவது தடவை பாதியிலேயே நின்றுவிட்டாள். எண்ணிக்கை அவளுக்கு மறக்கவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

"இன்னாம்மா பாத்துகினு நிக்கிற? உன் படத்த எடு. மரம் எங்க இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு, அங்கேருந்து நான் போய்க்கிறேன்."

வசுமதி வரைபடத்தை விரித்தாள். டீக்கடை இருந்தது, குழாயடி இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. படிக்கத் தெரியாத சாராள் படத்தின் மேல் குனிந்து, வெள்ளை இடத்தில் விரலை நகர்த்திக்கொண்டே, "எதும்மா மரம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.