சத்தம் போடாத கம்ப்யூட்டர்

மனைவி ஒரு படத்தையாவது முடியும்வரை தன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். ஊரில் யார் யாரோ அரண்மனைக்கு ஆசைப்படுகிறார்கள், இந்த மனுஷன் பக்கத்து நாற்காலிக்கு ஆசைப்பட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து எந்தப் படத்திலும் அவள் இடைவேளையைத் தாண்டியதில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் வேலை. எறும்பு கொட்டாவி விட்டாலும் அவளுக்குக் கேட்கும். தியேட்டரில் பாப்கார்ன் கொறிக்கும் சத்தம்தான் அவளை விரட்டுகிறது என்று எண்ணி, அவர் வீட்டின் கடைசி அறையையே தியேட்டராக்கினார். சுவரை அடைத்துக்கொண்டு டிவி, கனத்த திரைச்சீலை, மெத்தை வைத்த நாற்காலிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. படங்களைப் போட்டு ஓட்ட ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான் பாக்கி.

மைத்துனன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தான். டிபன் டப்பா அளவுதான் இருந்தது.

"அத்தான், அளவைப் பார்த்து எடை போடாதீங்க. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. இதை வச்சு ராக்கெட்டே விடலாம்."

"ராக்கெட்டை வச்சு நான் என்னடா பண்றது? உங்க அக்கா உட்காரணும். அதுக்கு வழி இருக்கா இதுல?"

படம் ஓடியது. கதாநாயகன் ஓடிப்போய் ஒரு லிஃப்டில் ஏறினான். "அந்தக் கதவு அப்படியெல்லாம் மூடாது" என்று லிஃப்ட் மெக்கானிக் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார். மனைவி எழுந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"சத்தம் வருதுங்க. தலை வலிக்குது."

அவர் ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பெட்டியில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். லிஃப்ட் மோட்டாருக்கு நாடி பார்ப்பது அப்படித்தான். உள்ளே விசிறி கொர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. அகப்பட்டாயா திருடா!

கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். அடுத்ததில் விசிறி மெதுவாகச் சுற்றியது. அதற்கும் அவள் எழுந்தாள். மறுபடி கடைக்கு வந்தவரைப் பார்த்ததும் கடைக்காரர் பெருமூச்சு விட்டு, உள்ளங்கையில் அடங்கும் இன்னொன்றை எடுத்து வைத்தார்.

"இதுல ஃபேனே கிடையாதுங்க. சுத்தற சாமானே உள்ள இல்ல. மேல விலா எலும்பு மாதிரி மடிப்பு இருக்கு பாருங்க, சூடு அது வழியா தானா போயிடும். டிவி முதுகுல திருகி மாட்டிட்டா இருக்கற இடமே தெரியாது."

"சத்தம்?"

"மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளைகூட இவ்வளவு அமைதியா இருக்க மாட்டான். எடுத்துட்டுப் போங்க."

உண்மைதான், அது மூச்சுக்கூட விடவில்லை. ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அந்த அமைதியில் சுவர்க்கடிகாரம் சுத்தியலால் அடிப்பதுபோல் கேட்டது. கடிகாரம் வெளியேறியது. சமையலறை ஃபிரிட்ஜ் உறுமியது, அதன் வாயையும் அடைத்தார்கள், பால் திரிந்தது. மீன்தொட்டியின் காற்று மோட்டார் அகப்பட்டதால் மீன்கள் பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாகப் போயின.

பிறகு, படம் பார்க்கக் கூடவே உட்கார்ந்திருந்த மாமனாரின் மூக்கு. மூச்சு விடும்போது அது லேசாக விசிலடித்தது.

"மாமா, கொஞ்சம் மெதுவா மூச்சு விடுறீங்களா?"

"மாப்பிள்ளை, இந்த வயசுல நான் மூச்சு விடறதே பெரிசு! இதுக்கு சைலன்சர் எங்க போய் மாட்டுவேன்?"

அவரும் நாற்காலியோடு நடைக்குப் போனார். முழங்கால் சொடக்குப் போட்ட மைத்துனனும் பின்னாலேயே போனான். "ராக்கெட்டு விட வேண்டியவன், இங்க காவக்காரனா உட்கார்ந்திருக்கேன்" என்று நடையிலிருந்து முணுமுணுத்தான்.

இப்போது அறையில் இவர்கள் இருவர் மட்டும். படம் ஓடியது. மனைவி தலையைச் சாய்த்தாள்.

"இன்னும் வருது."

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. "இன்னும் என்னம்மா வருது? இந்த வீட்ல நம்ம ரெண்டு பேரைத் தவிர எல்லாத்தையும் அணைச்சாச்சே!"

"நீங்கதாங்க. லிஃப்ட்டு வந்தா போதும், கதவு சரியில்ல, கயிறு சரியில்லன்னு ஆரம்பிச்சிடுறீங்க. நீங்க வாய மூடினா நான் உட்காருவேன்."

அவர் திகைத்துப்போனார். வாய்க்குள் முணுமுணுத்ததெல்லாம் வெளியே கேட்டுக்கொண்டா இருந்தது? ஊர் மோட்டாருக்கெல்லாம் நாடி பார்த்தவர் இத்தனை நாளாய்த் தன் வாயை மட்டும் விட்டுவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டு, கன்னம் உப்ப உட்கார்ந்தார்.

அவள் எழவில்லை. இடைவேளை போனது. அப்போதும் எழவில்லை. மனுஷனுக்குள்ளே மத்தாப்பு.

அந்த நேரம் பார்த்து வில்லன் லிஃப்டின் கயிற்றை அறுத்தான். ஒரே ஒரு கயிறு. கதாநாயகனோடு லிஃப்ட் கல்லாய்க் கீழே பாய்ந்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது, கை நாற்காலியை இறுக்கியது. வாயை மட்டும் திறக்கவில்லை.

மனைவி ரிமோட்டை அமுக்கினாள். படம் அப்படியே நின்றது.

"முழுங்கிட்டுச் சொல்லித் தொலைங்க. வெடிச்சிடப் போறீங்க."

அவர் மடக்கென்று விழுங்கினார். "ஒரு கயிறு அறுந்தா லிஃப்ட்டு விழாதும்மா. மத்த கயிறுங்க தாங்கும். அத்தனையும் அறுந்தாக்கூட அடியில பிடி இருக்கு. வேகம் எகிறினா ரெண்டு பக்கமும் இருக்கற தண்டவாளத்தைக் கவ்விக்கிட்டு நின்னுடும்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "நிஜமாவா?"

"நானே மாட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப, ஆஸ்பத்திரியில தினமும் ஆறு மாடி படியேறிச் சாகறேனே, அது எதுக்கு?"

"நீயா? லிஃப்ட்டுக்குப் பயந்தா?"

"லிஃப்ட்டுக்காரன் பொண்டாட்டி லிஃப்ட்டுக்குப் பயப்படறான்னு வெளிய சொல்ல முடியுமா? அதான் நீங்க கயிறுன்னு வாயெடுத்தாலே எழுந்து போயிடுவேன்." நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அந்தப் பிடி எப்படிக் கவ்வும்? முதல்லேருந்து சொல்லுங்க."

அவர் கைவிரல்களையே தண்டவாளமாக்கிச் சொல்ல ஆரம்பித்தார். கரண்ட் போனால் என்ன ஆகும், கதவு நடுவில் திறந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள்.

நடையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "என்னடி, ஹீரோ பொழச்சானா செத்தானா?"

"இன்னும் விழவே இல்லப்பா" என்றாள் மகள். "நீங்க போய்ச் சாப்பிடுங்க. இவர் முடிக்க நேரமாகும்."