வெர்னா தீட்டிய மூலை உளி

ஆட்லி தீட்டிய உளியில் முகம் பார்க்கலாம் என்று எங்கள் ஹோம்ஸ் கவுண்டி வட்டாரம் முழுக்கப் பேச்சு. பதினோரு வருடமாக இந்தப் பேச்சு நடக்கிறது. பதினோரு வருடமாகத் தீட்டுவது அவன் மனைவி வெர்னா.

யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று தொடங்கியதல்ல. ஆட்லி நல்ல தச்சன்தான். கல்லின் முன் உட்காரப் பொறுமை கிடையாது. அவளுக்கோ அது கைவந்த வேலை. அடுப்படி மேசையில் ஈரத்துணி விரித்து அவள் தீட்டுவாள், அவன் எடுத்துப் போவான். யாராவது கேட்டால், "ஏதோ வந்துச்சு" என்று தலையைக் குனிந்துகொள்வான். அடடா, என்ன அடக்கம் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

காரும் மின்சாரமும் வேண்டாம் என்று பழைய முறையில் வாழும் கிறிஸ்தவச் சபை எங்களுடையது; கர்வம் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். யாரும் யாரையும் முகத்துக்கு நேரே புகழ மாட்டோம். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது அதைவிட மோசம். வெர்னாவுக்கும் தெரியும். ஆனாலும் அவன் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். நான்தான் தீட்டினேன் என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

அன்று, இடி விழுந்து எரிந்துபோன பக்கத்துப் பண்ணைக் களஞ்சியத்தை மறுபடி எழுப்பும் நாள். எண்பது ஆண்கள் மரச்சட்டங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மேப்பிள் மரத்தடியில் நீள மேசை போட்டு, பழம் வைத்துச் சுட்ட அப்பங்களை அடுக்கினார்கள். மேஸ்திரி ரோமன், ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் பிஷப்பும் அவர்தான். கிளம்பிய அவசரத்தில் மேலுதட்டை மழிக்காமல் வந்திருந்தார். தாடி வைத்தாலும் எங்களுக்கு மீசை ஆகாது, அது பட்டாளத்துக்காரர் அடையாளம். விடுவார்களா?

"என்ன ரோமன், பட்டாளத்துல சேரப்போறீங்களா?"

"உன்னத்தான் மொதல்ல சுடுவேன். வேலையப் பாரு!"

கடைசித் தூண், தீயில் தப்பிய பழைய ஓக் மரம். அதன் சதுரத் துளையின் மூலைகளைச் சீவ, ரோமனின் மூலை உளியை வைத்து ஆட்லி ஓங்கித் தட்டினான். ட எழுத்துப்போல மடிந்த வாய் கொண்ட உளி. உள்ளே எந்தக் காலத்திலோ அடித்த ஆணி ஒன்று கிடந்தது. கிணுங் என்ற சத்தத்தோடு, சரியாக மடியும் இடத்தில், உப்புக்கல் அளவுக்கு வாய் உடைந்துவிட்டது. அங்கே இருந்த மூலை உளி அது ஒன்றுதான்.

"போனாப் போகுது. நம்ம ஆட்லி இருக்கான்ல," என்றார் ரோமன். "தீட்டுப்பா. சாப்பாட்டுக்குள்ள தூணு நிக்கணும்."

எண்பது பேரும் ஆட்லியைப் பார்த்தார்கள். அவன் காது சிவந்தது.

"எனக்கு வராது, ரோமன்."

"என்னது?"

"தீட்டவே வராது. எல்லாமே வெர்னாதான்."

"அடப்பாவி! பதினோரு வருஷமா எங்க காதுல பூ சுத்தினியா?" என்று ஒருவர் கத்த, சிரிப்பு மேசைவரை வந்தது. வெர்னா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, மாவைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். தப்பாகப் போனால் பதினோரு வருடமும் போச்சு.

ஆட்லியின் பெட்டியிலிருந்து மெல்லிய கல்லை எடுத்து, அதன் விளிம்பை இன்னொரு கல்லில் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, உளியத் தீட்டச் சொன்னா நீ கல்லத் தீட்டுற?"

"கல்லோட விளிம்பு மழுங்கியிருந்தா மூலைக்குள்ள போகாது, ரோமன். அங்க மட்டும் ஒரு பல்லு நிக்கும். உங்க உளியில அது ரொம்ப நாளா நிக்குது. நீங்களே தீட்டினதுதான?"

ரோமன் தாடியைத் தடவிக்கொண்டார்.

மடிந்த வாயின் இரண்டு சிறகையும் சமமாகத் தேய்த்தால்தான் மூலை நேராக வரும். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. உப்புக்கல் மணலாயிற்று, மணல் புள்ளியாயிற்று, பிறகு காணோம். வெளிப்புறத்தைத் தட்டைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்துப் பிசிறை எடுத்தாள். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ரோமன் பைன் கட்டை ஒன்றின் தலைப்பில் உளியை வைத்து, சுத்தியல் இல்லாமல் கையால் அழுத்தினார். ஒரு தும்பு கிழியாமல் மூலை விழுந்தது. அதோடு விட்டாரா? மேலுதட்டை எச்சிலால் நனைத்து, உளியின் ஒரு சிறகை வைத்து மெல்ல இழுத்தார். நரைமுடி பெருவிரலில் வந்து ஒட்டியது. மறுபக்கமும் இழுத்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"ம்," என்றார். எல்லோரும் கேட்கும்படி, "யாரு தீட்டினது இது?" என்றார்.

கல் நல்ல கல் என்று சொல்லித் தலையைக் குனிவதுதான் எங்கள் வழக்கம். வெர்னா தலையை நிமிர்த்தினாள்.

"நான். நான்தான் தீட்டினேன்."

சாப்பாட்டுக்கு முன்னால் தூண் நின்றது. விட்டத்தின் நாக்கு முதல் தட்டிலேயே துளைக்குள் போய் உட்கார்ந்தது.

சாப்பாடு முடிந்து தட்டு எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பங்கள் இருந்த இடமெல்லாம் உளிகள். பட்டை உளி, குழி உளி, கோண உளி, எல்லாம் பிடி அவள் பக்கம் திரும்பியிருக்க. வைத்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் களஞ்சியத்துக்கு நடந்தார்கள். மூலை உளியைக் கடைசியாக வைத்துவிட்டு ரோமன் தொப்பியைச் சரிசெய்தார்.

"ஞாயித்துக்கெழம கர்வத்தப் பத்தித்தான் பிரசங்கம், வெர்னா."

"வந்துடறேன், ரோமன்."

மன்னிப்பை அன்றைக்குக் கேட்டுக்கொள்ளலாம். இன்று புதன்கிழமைதானே.