வெள்ளைக் கட்டம்

எங்கள் அலுவலகத்தில் எச்சரிக்கைகளை யாரும் படிப்பதில்லை. பிழை என்றால் நிரல் நின்றுவிடும், பயப்படலாம். எச்சரிக்கை வந்தாலும் நிரல் பாட்டுக்கு ஓடும். குரைக்கிற நாய் கடிக்காது என்று போன வியாழக்கிழமை நான்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், ‘செறிவு மைனஸ்’ என்று திரை நிறைய ஓடிய மஞ்சள் வரிகளை ஒரே கட்டளையில் வாயடைத்தேன்.

கிடங்குத் தொட்டியிலிருந்து கசிந்த ரசாயனம் மண்ணுக்குள் எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்பதுதான் கணக்கு. அதே தெருவில் அக்கா இருக்கிறாள். ஆழ்துளைக் கிணற்றுக்கு முத்திரை வைத்ததிலிருந்து லாரித் தண்ணீரை வாளி வாளியாக மூன்றாவது மாடிக்குச் சுமக்கிறாள். தண்ணீர்ப் பரிசோதனை முடிவுக்கு இன்னும் பத்து நாள் ஆகுமாம். தெருவே சத்தம் போட்டதில், என் வரைபடத்தை வைத்தே கிணற்றைத் திறந்துவிடலாம் என்று அதிகாரி முடிவு செய்தார். அதில் கிணறு இருந்த கட்டம் பளிச்சென்று வெள்ளை. வெள்ளை என்றால் சுத்தம். இன்று பன்னிரண்டு மணிக்குத் திறப்பு.

காலை ஒன்பதரைக்கு, கோப்பில் சேர்ப்பதற்காக என் நிரலைத் தன் கணினியில் ஓட்டினார் தசமம். புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் இல்லாமல் வாயே திறக்காத சக ஊழியர், அதனால் அந்தப் பெயர். அவர் கணினியில் எச்சரிக்கைகளை யாரும் அடக்கவில்லை.

ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்துக்கு ஒரு தடவையில் தரும் பங்கு எவ்வளவு என்று கேட்டார். 0.17, எல்லை அரை, வெகு கீழே இருக்கிறோம் என்று அலட்சியமாகச் சொன்னேன்.

“அந்த அரை, எத்தனை திசைக்கு?”

அந்த நிரல் ஒரு குழாய்க்காக எழுதியது. குழாயில் ஒரு கட்டத்துக்கு இரண்டே அண்டை வீட்டார். மண்ணில் நாலு பக்கமும் மேலும் கீழுமாக ஆறு பேர். ஒரு குடம் தண்ணீரை ஆறு பேருக்கு ஊற்றும்போது, ஆளுக்கு ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் குடத்தில் மைனஸ்தான் மிஞ்சும். ஆறில் ஒரு பங்கு 0.1667. மயிரிழைதான் அதிகம், ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தத் தப்பு வளர்ந்திருக்கிறது. மைனஸ் வந்த கட்டங்களுக்கு வண்ணப் பட்டியலில் வெள்ளை கொடுத்த புத்திசாலியும் நானே.

அதிகாரிக்கு உடனே போன் பண்ணச் சொன்னார் தசமம். கிணறு கெட்டுவிட்டது என்று இன்னும் தெரியாதே என்றேன். தப்பு நடந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். பதில் என்னவென்று தெரியாமல் எந்த முகத்தோடு பேசுவது? நேர இடைவெளியைப் பாதியாக்கி மறுபடி ஓட விட்டேன். பதினொன்றே முக்காலுக்கு முடியும். திறப்பதற்குள் கால் மணி நேரம் இருக்கிறது.

ஓடும் சதவீதத்தைப் பார்த்தபடியே இருந்தேன். டீ ஆறிப்போனது. இருபது, ஐம்பது, எழுபது. ஒரு எச்சரிக்கையும் வரவில்லை, அதுவே பயமாக இருந்தது. படம் விரிந்தது. கிணற்றுக் கட்டம் ஆரஞ்சு. ரசாயனம் கிணறு வரை வந்திருக்கிறது.

அதிகாரிக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள், தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டாள். எல்லாப் பாத்திரமும் ரொம்பிவிட்டதாம். என் தங்கச்சி போட்ட கணக்கு, தைரியமாகக் குடிக்கலாம் என்று மாடி மாடியாகச் சொல்லிவிட்டு வந்தாளாம். அவள் மகள் பாப்பா இரண்டு டம்ளர் குடித்துவிட்டாளாம்.

“அக்கா, யாரும் குடிக்காதீங்க. கொட்டிடுங்க. என் கணக்கு தப்பு.”

அலுவலகம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் அக்கா பாப்பாவைக் கத்தி அழைத்தாள், பிறகு படிக்கட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். திரும்பப் போனை எடுத்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

“உனக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

“பத்து மணிக்கு முன்னாடியே, சந்தேகம் மாதிரி...”

“அதிகாரி பதினோரு மணிக்கே வந்துட்டாருடி,” என்றாள் அக்கா. “பதினோரு மணிக்குத்தான் திறந்தாங்க.”