நான்காவது அடியாள் இன்னும் எழவில்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மட்டமான படத்தில் பிறந்தது. வேலையை விட்டுவிட்ட ஓர் உளவாளி, அவனைத் தேடி வரும் ஜப்பானியத் தாதாக்கள், இரண்டே கால் மணி நேரம் அடிதடி. உளவாளிக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. தாதாக்கள் அத்தனை பேரும் நம்மூர் சினிமாச் சண்டைக்காரர்கள். ஒருவன் தோளில் ஒட்டிய டிராகன் ஸ்டிக்கர் வேர்வையில் பாதி உரிந்து தொங்கியது. தியேட்டரே கெக்கலித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பக்கத்து இருக்கைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தில் அளவு டேப்போடு தையல் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள். உளவாளி உதைத்ததில் நான்காவது அடியாள் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். அவள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டுங்க," என்றாள் திரையைப் பார்த்து. "ஐயோ, தட்டுங்களேன்."

(இதன் பொருள் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சண்டைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம்: உயரத்திலிருந்து விழுந்ததும் உள்ளங்கையால் தரையை இரண்டு தட்டு தட்ட வேண்டும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அர்த்தம். படத்தில் அது தெரியாதபடி எடிட்டர் முன்னாலேயே வெட்டிவிடுவார். இந்தப் படத்தில் அவர் வெட்டவில்லை. வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஐந்து விநாடி அந்த உடம்பு அப்படியே கிடந்தது.)

2

தொடக்கங்கள்.

"தையல்காரிக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை." வேண்டாம், பொய். கணவன் திரையில் வருகிறான் என்று சந்தோஷமாகத்தான் வந்தாள்.

"ஒரு மனிதன் விழுந்துகொண்டிருக்கிறான், கீழே" இதற்கு மேல் பேனா நகரவில்லை.

சரி, அவர்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். இதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஜோடனை கிடையாது.

3

மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம், வெளியூர் ஷூட்டிங் முடிந்து அவள் கணவன், அந்தச் சண்டைக்காரன், வீட்டுக்கு வந்தான். இடதுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் அவனுக்குக் கழுத்து திரும்பாது, உடம்போடு திரும்புவான். ஆறு மாதமாக இப்படித்தான். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொல்லியிருந்தான்.

"படம் பாத்தேன்," என்றாள்.

"எப்படி? நல்லா இருந்துச்சா?"

"நீங்க தட்டல."

அவன் சட்டைப்பையைத் தடவினான்.

"பாத்ரூம்னு சொன்னீங்க. பதினோரு நாள் நான்தானே சோறு ஊட்டினேன்? ஒரு தடவகூட வாய் கூசலையா?"

"கேமராவுல பெட்டி தெரியுதுன்னு ஒரு அடி தள்ளி வெச்சுட்டாங்க. வேணும்னேவா செஞ்சாங்க?" (விழுகிறவனைத் தாங்கக் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள்.) "அத விடு. இதப் படி." சட்டைப்பையிலிருந்து மடித்த பேப்பர்த் துண்டை எடுத்தான். "படத்துலயே உருப்படியா இருந்தது நான் விழுந்ததுதானாம். இருபது வருஷத்துல ஒருத்தன் நம்மளப் பத்தி எழுதியிருக்கான்டி! டைரக்டர் படிச்சுட்டு அடுத்த படத்துக்குக் கூப்பிட்டுட்டாரு. அதே மாதிரி விழணும். இந்தத் தடவ அஞ்சாம் மாடி."

அவள் துண்டை வாங்கி, எழுதியவன் பெயரைத் தேடினாள்.

4

(இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன்.)

அந்த விமர்சனத்தை எழுதியவன் நான். முழு வரியும் இதுதான்: "படத்தில் உருப்படியானது நான்காவது அடியாள் விழுவது ஒன்றே, அவர் இன்னும் இரண்டு மாடி மேலேயிருந்து விழுந்திருந்தால் கொடுத்த காசு செரித்திருக்கும்." எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். மூன்றும் இரண்டும் ஐந்து. டைரக்டர் ஒரு மாடிகூடக் குறைக்கவில்லை, பாவி.

நேற்று மத்தியானம் அவள் அந்தத் துண்டோடு பத்திரிகை ஆபீசுக்கு வந்தாள். தியேட்டரில் என் முழங்கையைப் பிடித்தவள் என்று உடனே தெரியவில்லை; பாராட்ட வந்திருக்கிறாள் என்று நான் பல்லைக் காட்டினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"இத எழுதுனது நீங்கதானா சார்?"

"ஆமாம்மா."

"இன்னொண்ணு எழுதுங்க சார். அவர் விழுந்தது நல்லாவே இல்லைன்னு ஒரே ஒரு வரி."

"நீங்களே போகவேணாம்னு சொல்லலாமே?"

"நான் சொன்னா பொம்பள பயப்படுறான்னு சிரிக்கிறாரு. நீங்க எழுதுனா நம்புவாரு. பேப்பர்ல வந்தா எல்லாம் நிஜம் அவருக்கு."

ஆசிரியரிடம் போனேன். "அச்சான விமர்சனத்த மாத்தி எழுதுனா நம்மள எவன்யா மதிப்பான்? போய் வேலையப் பாரு," என்றார். ஷூட்டிங் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. நம் பேப்பரில் கதைப்பக்கம் வருவதும் வெள்ளிக்கிழமைதான். கதைப்பக்கத்தை ஆசிரியர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இது ஏன் கதையாக இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

5

கதை என்றால் முடிவு கேட்பீர்கள்.

முடிவு ஒன்று: பெட்டிகள் சரியான இடத்தில் இருக்கின்றன. அவன் விழுகிறான், இரண்டு தட்டு தட்டுகிறான், எழுந்து டீ கேட்கிறான். [நிம்மதியாக இருந்தது. பிறகு கழுத்து ஞாபகம் வந்தது. விழும்போது தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டுமாமே? அவனால் முடியுமா?]

முடிவு இரண்டு: அவள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுகிறாள். அவன் ஐந்தாம் மாடி விளிம்பில் நிற்கிறான். விளிம்பில் நிற்பவனை யாரும் கூப்பிடக் கூடாது, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் தொண்டை அவள் பேச்சைக் கேட்கவில்லை. "என்னங்க!" அவன் இடதுபக்கம் உடம்போடு

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். யார் சொன்னாலும் சரி.)

எனக்குப் பயமாக இருக்கிறது. விளையாட்டாக ஒரு வரி எழுதினேன், ஒரு மனிதன் இரண்டு மாடி மேலே ஏறிவிட்டான். இனி நான் எழுதும் முடிவும் நடந்துவிட்டால்? ஆகவே முடிவு கிடையாது. அதற்குப் பதில் ஒரு விமர்சனம்:

நான்காவது அடியாள் விழுந்தது நன்றாக இல்லை. மகா மட்டம். நான் பார்த்ததிலேயே மோசமான விழுகை அதுதான். அதை இன்னொரு முறை பார்க்க யாரும் காசு கொடுக்கப் போவதில்லை. அவர் பேசாமல் வீட்டுக்குப் போகலாம்.

அவர் சினிமாப் பக்கம் மட்டும்தான் படிப்பாராம். கதைப்பக்கம் படிப்பது நீங்கள். மணி என்ன என்று பாருங்கள். பத்தாகவில்லையென்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடுங்கள், அவர் கையில் கொடுங்கள். பத்தாகிவிட்டதென்றால், தயவுசெய்து, எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.