பழைய அளவே போடு

பெண்களுக்குத் தைக்கிற கடைகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அளவு மாறியிருந்தால் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. டேப்பைச் சுற்றி எண்ணைப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். "போன தடவை மாதிரிதானே இருக்கேன்?" என்று கேட்டால், "அப்படியேதான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, வெட்டும்போது தாராளமாக வெட்ட வேண்டும். இதைப் பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தொழில் நாகரிகம் என்பார்கள். தையல்காரி அரை இஞ்ச்சும் முப்பது வருடமாக அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அரை இஞ்ச் என்று பெற்றவர்களா பெயர் வைப்பார்கள்? எதைத் தைத்தாலும் உள்ளே அரை அங்குலத் துணியைக் கூடுதலாக மடித்துவிடுவாள். "பின்னாடி பிரிச்சு விடலாம், இருக்கட்டும்" என்பாள். அதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவர் விசில் டீச்சர். டீச்சருக்கு அவர் பெயரை வைத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள். முப்பத்தொரு வருடம் விளையாட்டு ஆசிரியை. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அறுபத்தேழு வயது. அதில் இருபது வருடம் சர்க்கரை நோயோடு. சர்க்கரைதான் அவரைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். காலை அளவு நீல மையில், மாலை அளவு சிவப்பு மையில் என்று டைரி எழுதுவார். யாராவது கேக்கை நீட்டினால், நீட்டினவர் கை தானாகப் பின்வாங்கும்படி ஒரு பார்வை பார்ப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் கணவர் கணக்கு சாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகும் அந்த டைரியில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அரை இஞ்ச்சுக்கு டீச்சர் என்றால் அப்படி ஒரு மதிப்பு. யாரைப் பார்த்தும் சட்டென்று எழுந்திருக்காதவள், டீச்சர் கடைக்குள் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பாள்.

டீச்சர் வருடத்துக்கு ஒருமுறை, பள்ளி திறக்கிற மாதத்தில், பழைய வழக்கம் விடாமல் வருவார். காலர் வைத்த மூன்று நீளச் சட்டை, இரண்டு பேண்ட். துணியை மேஜையில் வைத்துவிட்டு ஒரே வாக்கியம்தான் சொல்வார்.

"பழைய அளவே போடு."

நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், டீச்சர் போட்டிருந்த சட்டை முன்பக்கம் இறங்கியும் பின்பக்கம் ஏறியும் தொங்குவதை அரை இஞ்ச் கவனித்தாள். தான்தான் தப்பாக வெட்டிவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். டேப் இழுபட்டிருக்கும் என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது டேப் வாங்கினாள். அந்த வருடம் முன்நீளத்தில் அரை அங்குலம் குறைத்து வெட்டினாள். சொல்லவில்லை. அடுத்த வருடமும் சட்டை இறங்கியது. மறுபடி அரை. அதற்கடுத்த வருடம் இன்னொரு அரை. போன வருடம் முக்கால். டீச்சரும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி முன்னால் நின்று, "உன் கை மாதிரி வராதுடி" என்று மெச்சிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டையும் அரை இஞ்ச் கூசாமல் வாங்கிக்கொண்டாள்.

இந்த வருடம் டீச்சர் வந்தபோது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வந்தார். துணிப்பை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் பாதியில் நின்று பல்லைக் கடித்தார்.

"என்ன டீச்சர்?"

"முதுகு. ஒரு மாசமா இப்படித்தான். சாரைத் தூக்கி நாற்காலியில உட்கார வைக்கறேன்ல, அதுல சுளுக்கிருக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டாம? எலும்பு ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க. எலும்பு கெட்டியா இருக்காம். என் வயசுக்கு முதல் மார்க்." டீச்சருக்கு மார்க் என்றால் எப்போதும் ஒரு தனிப் பெருமை. "வெறும் தசைவலிதான். தைலம் தேய்க்கறேன். நாலு வேளை தூக்கறதை நிறுத்த முடியுமா? அவரை நான்தானே தூக்கணும். சரி, பழைய அளவே போடு."

அவர் போன பிறகு அரை இஞ்ச் நோட்டைப் பிரித்தாள். சட்டைக்கு ஒரு பக்கம், பேண்ட்டுக்கு எதிர்ப்பக்கம். சட்டையின் முன்நீளம்: முப்பது, இருபத்தொன்பதரை, இருபத்தொன்பது, இருபத்தெட்டரை, இருபத்தேழே முக்கால். பேண்ட் நீளம்: முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது.

கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். டேப் இழுபட்டிருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா மாறியிருக்க வேண்டும்? கால் அப்படியே இருக்கிறது. கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறார். தொழில் நாகரிகம் என்று நினைத்து ஒரு மனுஷியின் முதுகு உட்கார்ந்துகொண்டே போவதை வருடா வருடம் மடித்துத் தைத்து மறைத்திருக்கிறாள். இப்போது சொன்னால் டீச்சர் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் நாளைக் காலையும் டீச்சர் சாரைத் தூக்குவார்.

மறுநாள் காலை கடையைத் திறக்கவில்லை. நோட்டையும் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

போன நேரம் பார்த்து டீச்சர் கட்டிலோரம் குனிந்து, கணக்கு சாரின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், தூக்காதீங்க!"

அரை இஞ்ச் போட்ட கூச்சலில் டீச்சர் கையை எடுத்துவிட்டார். கட்டிலிலேயே உட்கார்ந்திருந்த சார், "திருடன் வந்துட்டானா?" என்று குழறலாகக் கேட்டார். வாய் கோணினாலும் குசும்பு கோணவில்லை அவருக்கு.

அரை இஞ்ச் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். சொல்லி முடிக்கும்போது அழுதேவிட்டாள். டீச்சர் எண்களை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். கீழிருந்து மேலே இன்னொருமுறை படித்தார்.

"நாலு வருஷமா உனக்குத் தெரியுமா?"

"சட்டைதான் தப்புன்னு நினைச்சேன் டீச்சர்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? நான் கோவிச்சுக்குவேன்னு பயமா? நான் என்ன பூவா, வாடிப்போறதுக்கு?" விசில் ஊதுகிற குரல் அது. மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும். அரை இஞ்ச் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

திட்டிக்கொண்டே போனவர் திடீரென்று நிறுத்திவிட்டுக் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து நின்றார். செருப்பைக் கழற்றினார். "அள" என்றார். வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக்கொடுத்த உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். இப்போது ஐந்தடி இரண்டரை. சட்டையின் முன்நீளத்தையும் அளக்கச் சொன்னார். இருபத்தேழரை. போன வருடத்தைவிட இன்னும் கால் அங்குலம் போயிருந்தது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "வருஷா வருஷம் ஜூன்ல ஐநூறு பிள்ளைங்களை நிக்கவச்சு உயரம் அளந்திருக்கேன். என்னை நான் ஒரு தடவை அளந்ததில்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை.

அன்றைக்கே இரண்டு பேரும் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்கள். தையல் நோட்டை நீட்டினால் சிரிப்பாரோ என்று அரை இஞ்ச் கூசினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே முதுகுக்கு எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். படத்தில், வரிசையாக அடுக்கிய கட்டைகளில் இரண்டு மட்டும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி தெரிந்தன. ஒன்று பழையது, இன்னொன்று புதியது.

"ஸ்கேன்ல கெட்டியா இருக்குன்னீங்களே?" என்றார் டீச்சர்.

"இருந்துச்சும்மா. ரொம்ப வருஷமா சர்க்கரை இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு ஸ்கேன் நல்லாவே வரும். ஆனா எலும்போட தரம் உள்ள குறைஞ்சிருக்கும். சின்ன அழுத்தத்துக்கே நசுங்கிடும். ஸ்கேன் நார்மல்னு நான் அதோட விட்டிருக்கக் கூடாது. உயரத்தை அளந்திருக்கணும்." டாக்டரம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "என் ஃபைல்ல இல்லாதது இதுல இருக்கு."

அரை இஞ்ச்சுக்குச் சட்டென்று புரிந்தது. டீச்சர் எலும்பு, கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட பழைய துணி. கையில் பிடித்தால் விறைப்பாக நிற்கும், ஊசி இறங்கினால் கிழியும். எத்தனை துணி பார்த்திருக்கிறாள்!

எலும்புக்கு ஊசி, வைட்டமின் மாத்திரை, சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றை மாற்றியது, பிசியோ சொல்லிக்கொடுக்கிற பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் டீச்சர் தலையாட்டினார். கடைசியில் டாக்டரம்மா, "இனிமே அவரைத் தூக்கக் கூடாது. இன்னொரு எலும்பு நசுங்கினா நீங்களும் படுக்கைதான்" என்றபோதுதான் தலை ஆடுவது நின்றது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் டீச்சர் அழுதார். இருபது வருடச் சர்க்கரைக்கு அழாதவர் அழுதார். "அவரை எங்கயாவது கொண்டுபோய் விடச் சொல்றாங்களாடி? எங்க விடறது? நான் இல்லாம அவருக்கு வாய்க்குள்ள சோறு இறங்காது." அரை இஞ்ச் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. அவளுக்குச் செய்யத் தெரிந்தது தையல் ஒன்றுதான்.

பெரிய பைகளுக்கு வைக்கிற தடித்த பட்டை நாடாவை வாங்கி, மூன்று வரிசை தையல் போட்டு, சார் இடுப்பில் கட்டுகிற மாதிரி ஒரு பெல்ட் தைத்தாள். பிடித்துக்கொள்ள நான்கு கைப்பிடி. முதல் பெல்ட்டில் கைப்பிடியை மேலே வைத்துவிட்டாள். இழுத்ததும் பெல்ட் அக்குளுக்கு ஏறியது. "நான் என்ன சூட்கேஸா?" என்றார் சார். இரண்டாவதில் கைப்பிடியைக் கீழே இறக்கி, உள்ளே மெத்தைத் துணி வைத்தாள். எலும்பு ஆறுகிறவரை மூன்று மாதம், தினமும் காலை ஏழு மணிக்கு வந்து கைப்பிடியைப் பிடித்தது அரை இஞ்ச்தான். மற்ற வேளைகளுக்குக் கூலிக்கு ஆள் வந்தார். "குத்தம் செஞ்சவ தண்டனை அனுபவிக்கறேன்" என்று சிரித்துக்கொள்வாள்.

ஆனால் பார்க்கவேண்டியது டீச்சரைத்தான். தூக்கக் கூடாது என்றார்களே ஒழிய, விசில் ஊதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! பிசியோவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சாரை மாணவனாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார். "நல்ல காலை உள்ள இழுங்க. மூக்கு கால்விரலுக்கு மேல வரணும். விசில் அடிச்சதும் எழுந்திரிக்கணும்." சார் முதல் வாரம் முனகினார். இரண்டாம் வாரம், "உன்னைக் கட்டினது என் கணக்குலயே பெரிய பிழை" என்றார். ஆறாம் வாரம் பெல்ட்டில் கை லேசாகப் பட்டதுமே எழுந்து நின்றார். நின்றவர் அழுதார், டீச்சர் அழவில்லை. "காலை மடக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

டீச்சருக்கும் பாடம் நடந்தது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்திருக்க வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பாதம் மரத்துப்போவதால் செருப்புக்குப் பதில் ஷூ வந்தது. தரையில் கிடந்த வழுக்குகிற கால்மிதிகள் தெருவுக்குப் போயின. டைரியில் சர்க்கரை எண்களுக்குக் கீழே பச்சை மையில் மூன்றாவது வரிசை ஒன்று முளைத்தது. எத்தனை முறை எழுந்தார் என்று அதில் எழுதுவார். அந்தப் பச்சை வரிசையை அரை இஞ்ச் விரல் வைத்து எண்ணிப் பார்ப்பாள். தனக்கு ஒரு தலைவலி வந்தாலே கடையை மூடிவிட்டுப் படுக்கிறவள் அவள்.

அடுத்த வருடம், பள்ளி திறக்கிற மாதம். கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் டீச்சர் இறங்கினார். உள்ளே சார் உட்கார்ந்திருந்தார், இடுப்பில் பெல்ட், இடது கையில் தடி. ஆட்டோக்காரர் கைகொடுக்க வந்தார். டீச்சர் விசிலை வாயில் வைத்ததும் அவர் ஒதுங்கிக்கொண்டார். சின்னதாக ஒரு விசில். சார் எழுந்து நின்று, ஆறு எட்டு எடுத்து வைத்து, கடை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

டீச்சர் துணியை மேஜையில் வைத்தார். ஆனால் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லவில்லை. சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

"அள. சத்தமா சொல்லு. நாகரிகமெல்லாம் வேண்டாம்."

அரை இஞ்ச் தோளிலிருந்து டேப்பை விட்டாள். ஒருமுறை அளந்தாள். டேப்பைச் சுருட்டி, மறுபடி பிரித்து, இன்னொருமுறை அளந்தாள். முப்பது வருடத்தில் கடையில் வைத்து அளவை வாய்விட்டுச் சொல்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"இருபத்தேழரை."

"போன வருஷம்?"

நோட்டைப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் எடுத்து, டீச்சருக்குத் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்தாள்.

"இருபத்தேழரை, டீச்சர். கால் இஞ்ச்கூட இறங்கல."

டீச்சர் அந்த எண்ணை விரல் வைத்துப் படித்தார். பிறகு சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"அப்போ பழைய அளவே போடு."