வாணி தாங்கிக்குவா

1

இந்தக் கதையைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை ஒன்றின் வாசலில் ஒட்டுக்கேட்டேன். பூச்சரத்துக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் யாரைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாவம், புருஷனுக்கு வேலை போச்சாம்."

"அவ ஸ்ட்ரோங் லா, தாங்கிக்குவா."

அவ்வளவுதான், பூவோடு போய்விட்டார்கள். எனக்குக் கதை காதில்தான் வரும். முகமும் வீடும் பிறகு நானே சேர்ப்பவை. அந்தப் பெண்ணுக்கு வாணி என்று பெயர் வைத்து, கிள்ளானில் ஒரு வீடும் லோகன் என்றொரு கணவனும் கொடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: வாணி இரும்பு மனுஷி. புயலே வந்தாலும் அவள்...

(வேண்டாம். இரும்புக்கு ஏது கதை?)

இரண்டாவது தொடக்கம்: கண்டெய்னர் லோரி ஓட்டிய லோகனுக்கு முதுகு போயிற்று, வேலையும் போயிற்று. அவன் சோபாவில் கிடக்க, வாணி பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். தீபாவளி நெருங்கியது.

"இந்த வருஷம் ஓப்பன் ஹவுஸ் விருந்து வேணாமே, வாணி."

"வருஷா வருஷம் வந்து சாப்பிட்டவங்க, கேட் பூட்டியிருந்தா என்ன நினைப்பாங்க?"

"கஷ்டத்துல இருக்கோம்னு நினைப்பாங்க."

"அதுதான் கூடாதுங்கிறேன்!"

3

லோகனைப் பலவீனனாகவே எழுதினேன். கதாநாயகி நிமிர்ந்து நிற்க, பக்கத்தில் ஒருத்தன் படுத்துக் கிடக்கவேண்டும் என்பது எங்களைப்போல் எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். அவனோ, வாணி வேலைக்குப் போன நேரம் பார்த்து, படுத்தபடியே கைத்தொலைபேசியை எடுத்துவிட்டான்.

"இராஜம்மாக்கா, இந்த வருஷம் கை ரொம்ப டைட். வரும்போது ஏதாவது சமைச்சு எடுத்துட்டு வா."

காப்பார் ஊரில் இருந்த அந்த அக்காவுக்குப் பிறகு அம்பாங் ஊர்ச் சித்தப்பா, அப்புறம் மற்றவர்கள். தீபாவளி விருந்தாளியைப் பாத்திரத்தோடு வரச் சொல்வதா! நம் சனத்தில் யாராவது செய்வார்களா?

(வாணியிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த அளவு வீரம் அவனுக்கு இல்லை.)

4

தீபாவளியன்று வாணி ஒரு சட்டி மீஹூன் சேமியா மட்டும் பிரட்டி வைத்திருந்தாள். கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு வசனமும் தயார்: "இந்த வருஷம் ஒரு சேஞ்சுக்கு!"

இராஜம்மா கோழிக்கறியோடு வந்தாள். சித்தப்பாவும் கோழிக்கறி. அடுத்து வந்தவர்களும் கோழிக்கறி. 'ஏதாவது' என்றால் தீபாவளிக்கு வேறென்ன சமைப்பார்கள்?

"என்னக்கா இது?"

"லோகன்தான் எடுத்துட்டு வரச் சொன்னான். சோறு நீ ஆக்கியிருப்பேன்னு யாரும் கொண்டு வரல. எங்கம்மா சோறு?"

வீடே வாணியைப் பார்த்தது. லோகன் கூரையைப் பார்த்தான். வாணி என்னைப் பார்த்தாள்.

"ஆன்டி, இப்ப என்னை என்ன சொல்ல வைக்கப் போறீங்க?"

தயார் வசனத்தையே எழுதினேன்: "இந்த வருஷம் ஒரு..."

"மாட்டேன். பல்லைக் கடிச்சிக்கிட்டு நிக்க வைக்கிறதே உங்களுக்கு வேலையாப் போச்சு. எனக்குக் கால் வலிக்குது."

சோபாவில் லோகன் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சோறு இல்லக்கா. அரிசி வாங்கல. இந்த மாசம் முடியல."

சொல்லும்போதே அழுகை வந்தது. அடுப்படி முழுக்கக் கோழிக்கறியாக இருப்பதைப் பார்த்ததில் சிரிப்பும் வந்தது. லோகன் கையை நீட்டினான். அதை ஒரு தட்டு தட்டிவிட்டு, பிறகு பிடித்துக்கொண்டாள்.

5

இராஜம்மா வாயைத் திறக்கிறாள். இந்த இடத்தில் என் காது அடைத்துக்கொண்டது. அவள் சொல்வதைப் பொறுத்துத்தான் வாணி இனி யாரிடமும் 'முடியல' என்று சொல்வாளா, மாட்டாளா என்பது இருக்கிறது. மூன்று வசனம் எழுதிப் பார்த்தேன். மூன்றும் என் குரலிலேயே கேட்டன.

உங்கள் குடும்பத்திலும் ஓர் இராஜம்மா இருப்பாள். ஒருவேளை நீங்களே அவளாக இருக்கலாம். என்ன சொல்லப் போகிறீர்கள்?

சீக்கிரம் சொல்லுங்கள், கறி ஆறுகிறது.