சீட்டுக்கு அடியில் ஈரம்

மேனேஜர் ஒரு லைஃப் ஜாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் பிடிப்பதுபோல அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆரஞ்சுத் துணியில் தோள்பட்டைப் பக்கமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது.

"மோந்து பாரு. நேத்து ஒரு அம்மா இதைப் போட்டுக்கவே மாட்டேன்னு இறங்கிப் போயிட்டாங்க. தினமும் என்னத்தைத்தான் துடைக்கிற நீ?"

அம்மா மோந்து பார்த்தாள். சொன்னதைச் செய்வதில் அவளை அடிக்க ஆளில்லை. "நல்லாத் தேய்ச்சுக் கழுவிடறேங்க சார்" என்றாள்.

"வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனிக்காரங்க முழுப் படகையும் எடுத்திருக்காங்க. அன்னைக்குக் காலையில நானே ஒவ்வொரு பெட்டியா மூக்கை விட்டுப் பார்ப்பேன். வாடை வந்துச்சு, வேற ஆளைப் பார்த்துக்குவேன்." பிறகு வாளியோடு நின்ற என்னைப் பார்த்தார். "பட்டம் வாங்கின பொண்ணையும் வாளி தூக்க வச்சிட்டியா?"

"வாளி தூக்கறதுல கேவலம் ஒண்ணும் இல்லைங்க. வயசுல பெரியவங்களை நீ வா போன்னு பேசறதுலதான் இருக்கு" என்றேன். அம்மா என் முழங்கைச் சதையைப் பிடித்துத் திருகினாள். சிறுவயதிலிருந்தே அந்த இடம் அவளுக்கென்று ஒதுக்கப்பட்டது. மேனேஜர் காதில் விழாதவர்போல மரப்பாலத்தில் இறங்கிப் போனார்.

அது ஒரு மிதவைப் படகு. நீளமான இரண்டு அலுமினிய உருளைகள், அவற்றின்மேல் ஒரு கூடம் அளவுக்குத் தட்டையான தளம், தலைக்குமேல் தார்ப்பாய்க் கூரை, சுற்றிலும் வெள்ளை ரெக்சின் சோபா. சோபாவின் சீட்டைத் தூக்கினால் அடியில் பெட்டி. ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சொட்டச் சொட்டக் கழற்றிப் போடும் ஜாக்கெட்டுகளை மாலையில் அம்மா அந்தப் பெட்டிகளுக்குள் அடுக்குவாள். அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துணியால் ஒற்றியெடுப்பாள். பிறகு சீட்டை மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்துவாள். ‘டப்’ என்று சத்தம் கேட்க வேண்டும். படகு வாயைப் பிளந்துகொண்டு நிற்கக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். "என் படகுல ஒரு பொட்டு அழுக்கு இருக்காது" என்று அவள் யாரிடமாவது சொல்லும்போது அந்த ‘என்’ எனக்கு எரிச்சலைக் கிளப்பும். படகு யாருடையதோ. இவளுடையது வாளி மட்டும்தான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதை அம்மா தெருவெல்லாம் சொல்வாள்; என்னிடம் மட்டும் "படிச்ச திமிரு" என்பாள். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல்தான் அவளோடு வர ஆரம்பித்திருந்தேன்.

அன்று அம்மா ஆவேசம் வந்தவள்போலக் கழுவினாள். நான் ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். மூலையில் தண்ணீர் வடிவதற்கு ஒரு துளை. விரலை விட்டால் ஏதோ தட்டுப்பட்டது. முடிச்சுப் போட்டு இறுக்கித் திணித்த துணி. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். வந்தது நீலக் கட்டம் போட்ட கந்தல். என் பள்ளிக்கூடச் சீருடை.

"இது என்னம்மா?"

"அந்த ஓட்டை வழியா கரப்பான் வருதுன்னு அடைச்சு வச்சேன்."

"எல்லாப் பெட்டியிலயுமா?"

"ஒண்ணு விடாம" என்றாள் பெருமையாக.

சீட்டின் அடிவிளிம்பைத் தடவினேன். புது ரப்பர் பட்டை. மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று மேனேஜர் ஆள் வைத்து ஒட்டியது. அதன்பிறகு மழை உள்ளே வரவில்லை. உள்ளே இருந்ததும் வெளியே போகவில்லை. கீழே என் சீருடை, மேலே அவருடைய ரப்பர், நடுவில் அம்மா தினமும் ஊற்றும் தண்ணீர். வெயில் ஏறினால் அந்த ஈரம் மூடியின் உட்புறம் முத்துமுத்தாக வியர்த்து, மறுபடி ஜாக்கெட்டின் மேலேயே சொட்டும்.

"அம்மா, கழுவாதே. கழுவறதாலதான் நாறுது."

அம்மா சிரித்தேவிட்டாள். "ஏண்டி, அழுக்கா வச்சா மணக்குமா? காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"காலேஜுல இல்ல, ஹாஸ்டல்ல. ஈரத் துண்டைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டு லீவுக்கு வந்தேன். திரும்பிப் போய்த் திறந்ததும் கூட இருந்தவளுங்க என்னை வராண்டாவுல படுக்கச் சொல்லிட்டாளுங்க."

கடைசியில் ஒரு பேரம் படிந்தது. நான் துணியைப் பிடுங்கிய பின்பக்கத்துப் பெட்டி எனக்கு. அதில் அவள் கை வைக்கக் கூடாது. அதிலிருந்த ஜாக்கெட்டுகளை வினிகர் போட்டுத் தேய்த்துக் கம்பியில் உலர்த்தினேன். பெட்டியையும் வினிகரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினேன். காய்ந்ததும் ஜாக்கெட்டுகளை உள்ளே அடுக்கி, சீட்டை மூடாமல் என் செருப்பை முட்டுக்கொடுத்து வைத்தேன். வீட்டுக்குப் போகும்போது அம்மா, அடுப்பை அணைக்காமல் வந்தவள்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை காலையில் அவள் கண்ணைப் பொத்தி அழைத்துப் போனேன். முதலில் அவள் பெட்டி. மூக்கைச் சுளித்தாள். அடுத்து என் பெட்டி. குனிந்தவள் நிமிரவே இல்லை.

"இது உன்னோடதா?"

"ஆமா."

என் கையை விலக்கிவிட்டு நின்றாள். "அப்போ இத்தனை நாளா நாந்தான் இந்த நாத்தத்தைத் தண்ணி ஊத்தி வளர்த்தேனா?"

எனக்கு நயமாகப் பேச வராது. "ஆமா" என்றேன். அது போதாது என்று பட்டது. "பாதிதான்மா. மீதி, ரப்பர் ஒட்டச் சொன்னவரோட வேலை. ஆனா அவருக்குப் பதிலா வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு யாரும் சொல்லல, பாரு."

அம்மா கையிலிருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தாள். பிழிய அதில் தண்ணீர் இல்லை. பிறகு முட்டி போட்டு, ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்து, தான் திணித்த முடிச்சுகளைத் தானே பிடுங்கினாள். அவளுக்கு நான் உதவி செய்யப் போகவில்லை. அன்றும் மறுநாளும் கம்பி முழுக்க ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் தோரணமாகக் காய்ந்தன. அம்மாவுக்குச் செய்ய வேலை குறைந்துபோனது. கையை மடியில் வைப்பாள், எடுப்பாள், பளபளக்கும் கைப்பிடியை மறுபடியும் துடைப்பாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது ஏரியிலிருந்து பனி எழும்பிப் படகெல்லாம் ஈரம் கோர்த்திருந்தது. சீட்டுகள் எல்லாம் திறந்தே நின்றன, ஒன்றுக்கு என் செருப்பு, ஒன்றுக்குத் தண்ணீர் பாட்டில், ஒன்றுக்குத் துடைப்பக் கட்டை என்று. கரையில் மேனேஜரின் பைக் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

அம்மாவின் கை தன்னால் மூடிக்குப் போனது. "மூடிடட்டுமா?"

"இப்ப மூடினா பனி உள்ளயே நிக்கும். கம்பெனிக்காரங்க வர்ற நேரத்துக்கு வெயில் ஏறி வேர்க்கும்."

"வாயைப் பிளந்துட்டு நிக்குதுன்னு கத்துவாரே."

"கத்தட்டும். நான் பேசிக்கறேன்."

"நீ பேசவே வேணாம்டி தாயே. நீ பேசினா வாடை இல்லாட்டியும் வேலை போயிடும்."

கையை எடுத்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அவர் வரும்போது அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேனேஜர் தளத்தில் கால் வைத்ததும் படகு அவர் பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்தது. மூடிகள் எல்லாம் ஒருமுறை நடுங்கின.

"என்ன இதெல்லாம்? தொறந்து போட்டுட்டு உட்கார்ந்திருக்க?"

"மோந்து பாருங்க சார்" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். நான் முழங்கையைத் தடவிக்கொண்டு ஏரியைப் பார்த்தேன். அவர் குனிந்து, பெட்டிக்குள் தலையை விட்டார். படகு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த மூடிக்கு முட்டுக்கொடுத்திருந்த என் செருப்பு நழுவி விழுந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டி, மூடி அவர் பிடரியில் இறங்கிவிடாமல் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.